ஏழு நாள், இரண்டு சக்கரம்: வட்டாரத்தில் பாதுகாப்பாக மிதிவண்டி ஓட்டப் பழகுவோம்

உங்கள் வீட்டிலும் ஒரு மிதிவண்டி இருக்கலாம். பிள்ளை பள்ளிப் பருவத்தில் ஓட்டியதாக இருக்கலாம், அல்லது ஒரு புத்தாண்டுத் தீர்மானத்தின்போது நீங்களே வாங்கியதாக இருக்கலாம். இப்போது அதன் இருக்கையில் தூசி படிந்திருக்கும். அண்மையில் உடல்நலப் பரிசோதனைக்குச் சென்றபோது, "இரத்தத்தில் சர்க்கரை சற்று அதிகம், உடற்பயிற்சி செய்யுங்கள்" என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அந்த மிதிவண்டியைத் துடைத்து எடுக்க இது நல்ல நேரம்.

சிங்கப்பூரில் இந்தியர்களிடையே நீரிழிவு நோய் சீனர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. நாம் மிதிக்கும்போது தொடையிலும் இடுப்பிலும் உள்ள பெரிய தசைகள் வேலை செய்கின்றன. அவை இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்து எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. உடலின் எடையைப் பெரும்பாலும் இருக்கை தாங்குவதால், மெதுவோட்டத்தைவிட முழங்காலுக்குச் சுமை குறைவு. எனவே நடுத்தர வயதினருக்கும் மூத்தோருக்கும் இது ஏற்ற பயிற்சி.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. உடல்நலத்திற்காகத் தொடங்கிய பழக்கம் மருத்துவமனைப் படுக்கையில் முடிந்துவிடக்கூடாது. ஆபத்து பெரிய சாலையில் மட்டும்தான் என்று பலர் நினைக்கிறோம். நம் புளோக்கின் தூண் மறைவிலும், மழையில் நனைந்த வடிகால் மூடியிலும், பூங்கா ஓரப் புதரிலும்கூட அது காத்திருக்கலாம். இந்தப் பாடம் ஒரு வாரத்திற்கானது. ஒவ்வொரு நாளும் உடற்பயிற்சியில் ஒரு படியும், பாதுகாப்பில் ஒரு படியும் கற்றுக்கொள்வோம்.

உங்கள் இலக்கு என்ன?

பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உடற்பயிற்சி செய்யவேண்டும் என்பது சிங்கப்பூரின் உடற்பயிற்சி வழிகாட்டி தரும் பரிந்துரை. அத்துடன் வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் தேவை.

நீண்டகாலம் உடற்பயிற்சி செய்யாதவர் முதல் வாரத்திலேயே 150 நிமிடத்தை எட்ட முயலவேண்டாம். இந்த வாரம் மொத்தம் 100 நிமிடம் போதும். அடுத்து வரும் ஒவ்வொரு வாரமும் 10 நிமிடம் கூட்டுங்கள். ஆறாவது வாரத்தில் 150 நிமிடத்தை எட்டிவிடுவீர்கள்.

திங்கட்கிழமை: ஓட்டுவதற்கு முன்

இன்று மிதிக்கவேண்டாம். உடலையும் வண்டியையும் சரிபார்ப்போம்.

முதலில் உடல். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்களும், நடக்கும்போது நெஞ்சு வலி, மூச்சுத்திணறல் அல்லது தலைசுற்றல் ஏற்படுபவர்களும் தங்கள் குடும்ப மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நீங்கள் 40 வயதைக் கடந்தவர் என்றால், ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் நீங்கள் பதிந்துகொண்ட மருந்தகத்திலேயே இதைப் பேசலாம்.

அடுத்து வண்டி. மூன்றைப் பாருங்கள்.

காற்று: டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். எளிதில் அமுங்கினால் காற்று போதாது.
பிரேக்: இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளுங்கள். சக்கரம் உருளக்கூடாது. கைப்பிரேக் இல்லாத மிதிவண்டியைப் பொதுப் பாதையிலும் சாலையிலும் ஓட்டுவது சட்டப்படி குற்றம்.
சங்கிலி: துருப்பிடித்திருந்தாலும் தொங்கினாலும் கடைக்குக் கொண்டுசென்று சரிசெய்யுங்கள்.

இருக்கையில் அமர்ந்து, மிதிகட்டையை அடிப்பக்கம் கொண்டுவாருங்கள். அப்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கவேண்டும். இருக்கை மிகவும் தாழ்வாக இருந்தால், சில நாளிலேயே முழங்கால் வலி வந்துவிடும். வண்டி சரியில்லை என்று நினைத்துப் பலர் ஓட்டுவதையே நிறுத்திவிடுவதற்கு இது ஒரு காரணம்.

கடைசியாகத் தலைக்கவசம். சாலையில் ஓட்டும்போது அதை அணிவது கட்டாயம். பூங்காப் பாதையிலும் அணியுங்கள். விழும்போது சிமெண்டுத் தரை எங்கும் ஒன்றுதான். கவசத்தின் விளிம்பு புருவத்திற்கு மேல் இரண்டு விரல் அளவில் இருக்கட்டும். வார் காதுக்குக் கீழே இணையவேண்டும். தாடைக்கும் வாருக்கும் இடையே ஒரு விரல் மட்டும் நுழையவேண்டும். ஒருமுறை விழுந்து அடிபட்ட கவசத்தை மீண்டும் பயன்படுத்தாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை: புளோக்கைச் சுற்றி 20 நிமிடம்

முதல் 5 நிமிடம் மெதுவாக மிதியுங்கள். அடுத்த 10 நிமிடம் சற்று வேகமாக மிதியுங்கள். கடைசி 5 நிமிடம் மீண்டும் மெதுவாக.

"சற்று வேகம்" என்பதை அளக்கக் கருவி தேவையில்லை. மிதிக்கும்போது உங்களால் பேச முடியவேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான பயிற்சி. ஒருசில சொற்களுக்குமேல் பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள்.

இன்றைய ஆபத்து: மறைவான மூலைகள்

நடைபாதையில் மிதிவண்டியின் வேக வரம்பு மணிக்கு 10 கிலோமீட்டர். சைக்கிள் பாதையிலும் பகிர்வுப் பாதையிலும் அது மணிக்கு 25 கிலோமீட்டர். ஏன் இந்த வித்தியாசம்? ஒரு சிறு கணக்குப் போடுவோம். தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை ஓடிவருகிறது. அதைப் பார்த்து பிரேக்கைப் பிடிக்க உங்களுக்கு ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 10 கிலோமீட்டரில் சென்றால், அந்த ஒரு விநாடியில் வண்டி ஏறக்குறைய 3 மீட்டர் நகர்ந்திருக்கும். 25 கிலோமீட்டரில் சென்றால் ஏறக்குறைய 7 மீட்டர். பிரேக் வேலை செய்யத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

நம் குடியிருப்புப் பேட்டையில் கவனிக்கவேண்டிய இடங்கள் இவை:

மின்தூக்கி வாசலும் புளோக்கின் கீழ்த்தளமும்: இங்கே இறங்கித் தள்ளிச் செல்லுங்கள்.
பேருந்து நிறுத்தம்: பேருந்து வந்து நிற்கும்போது பயணிகள் நடைபாதைக்குக் குறுக்கே வருவார்கள். அவர்கள் கடக்கும்வரை நில்லுங்கள்.
கார்ப்பேட்டை வாசல்: திரும்பும் கார் உங்களை எதிர்பார்த்திருக்காது. ஓட்டுநரின் கண்ணைப் பார்த்து, அவர் உங்களைக் கவனித்துவிட்டார் என்று தெரிந்த பிறகே கடந்து செல்லுங்கள்.
கூரையிட்ட நடைபாதையின் திருப்பம்: தூண்கள் பார்வையை மறைக்கும். வேகத்தைக் குறைத்து மணி அடியுங்கள்.

மூத்தோரின் பின்னால் திடீரென மணி அடித்தால் அவர்கள் பதற்றத்தில் தடுமாறலாம். சற்றுத் தொலைவிலேயே ஒருமுறை மென்மையாக அடித்து, வேகத்தைக் குறைத்து, இடம்விட்டுக் கடந்து செல்லுங்கள். உங்களுக்கு அது ஓர் உரசல்தான். அவருக்கு அது இடுப்பெலும்பு முறிவாக முடியலாம்.

புதன்கிழமை: வீட்டில் வலிமைப் பயிற்சி

தொடைகள் சற்று வலிக்கலாம். அது இயல்பு. மூட்டில் குத்தும் வலி இருந்தால் அது இயல்பல்ல, அன்று ஓய்வெடுங்கள்.

நாற்காலியில் அமர்ந்து, கை ஊன்றாமல் எழுந்து மீண்டும் அமருங்கள். சுவரில் கைகளை ஊன்றி உடலை முன்னும் பின்னும் தள்ளுங்கள். மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை, இரண்டு சுற்றுச் செய்யுங்கள். வலுவான தொடையும் சமநிலையும் மிதிவண்டியிலிருந்து இறங்கும்போது தடுமாறாமல் இருக்க உதவும்.

இன்றைய பாடம்: பாதை யாருக்கு?

நடைபாதையில் நடப்பவருக்கே முதலிடம். சைக்கிள் பாதைக்குப் பக்கத்தில் "பாதசாரிகளுக்கு மட்டும்" என்று குறிக்கப்பட்ட பாதை இருந்தால் அதில் ஓட்டக்கூடாது. 2025 ஜூலை முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. சாலைக் கடப்பிடத்தில் நின்று, இரு பக்கமும் பார்த்து, பிறகே கடக்கவேண்டும். மேம்பாலத்தில் இறங்கித் தள்ளுங்கள். விரைவுச்சாலையில் மிதிவண்டிக்கு அனுமதியில்லை. கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டக்கூடாது. இரு காதுகளிலும் ஒலிக்கருவி மாட்டி ஓட்டுவதையும் தவிருங்கள். பின்னால் வருவதை முதலில் சொல்வது காதுதான்.

வியாழக்கிழமை: மாலையில் 25 நிமிடம்

வேலை முடிந்து வந்து, வெயில் தணிந்த பிறகு புறப்படுங்கள். சற்று வேகமாக மிதிக்கும் நேரம் இன்று 15 நிமிடம்.

இன்றைய ஆபத்து: வானம்

நம் ஊரில் வெப்பத்துடன் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. வியர்வை ஆவியாகாமல் உடலிலேயே தங்கும்போது உடல் குளிர வழியில்லை. தேசிய சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி செயலியில் வெப்ப அழுத்த நிலையைப் பார்க்கலாம். அது "அதிகம்" என்று காட்டினால் இன்றைய பயிற்சியை வீட்டுக்குள் மாற்றிக்கொள்ளுங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தரக் குறியீட்டையும் பாருங்கள். 100ஐத் தாண்டினால் காற்று ஆரோக்கியமற்ற நிலையில் உள்ளது. நீண்டநேரம் வெளியில் கடும் பயிற்சி செய்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் அன்று வெளியில் ஓட்டாமல் இருப்பது நல்லது.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்தி, நிழலுக்குச் சென்று, தண்ணீர் குடியுங்கள். உடன் வருபவர் குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ அது வெப்பத் தாக்காக இருக்கலாம். 995ஐ அழையுங்கள். உதவி வரும்வரை அவரது உடலில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள்.

உலகில் மின்னல் அதிகமாகத் தாக்கும் இடங்களில் சிங்கப்பூரும் ஒன்று. இடி கேட்டாலே மின்னல் உங்களை எட்டும் தொலைவில் இருக்கிறது என்று பொருள். மரத்தடியில் ஒதுங்காதீர்கள். திறந்த திடலிலும் நிற்காதீர்கள். அருகிலுள்ள கட்டடத்திற்குள் செல்லுங்கள். கடைசி இடிச்சத்தத்திற்குப் பின் 30 நிமிடம் காத்திருங்கள். மழையுடன் பலத்த காற்று வீசும்போது கிளைகளும் முறிந்து விழலாம். மழை நின்ற உடனேயும் மரங்கள் அடர்ந்த பாதையைத் தவிருங்கள்.

மழைக்குப் பின் தரையும் மாறிவிடும். வடிகால் இரும்புமூடி, சாலையில் பூசிய வெள்ளைக் கோடு, உதிர்ந்த இலை ஆகியவை வழுக்கும். அவற்றின்மேல் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம். வண்டியை நேராக வைத்து, மிதிக்காமல் உருண்டு செல்லவிடுங்கள். தண்ணீர் தேங்கிய இடத்தில் குழி இருப்பது தெரியாது, இறங்கித் தள்ளுங்கள். பிரேக் பிடிக்கும்போது இரண்டையும் சேர்த்து மெதுவாகப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் திடீரெனப் பிடித்தால் ஓட்டுபவர் முன்னால் தூக்கி எறியப்படலாம்.

வெள்ளிக்கிழமை: வலிமையும் உணவும்

புதன்கிழமை செய்த பயிற்சியையே மீண்டும் செய்யுங்கள்.

"இன்று மிதித்துவிட்டோம், இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிடலாம்" என்று தோன்றுவது இயல்பு. 20 நிமிட மிதிப்பில் செலவான சக்தியை ஒரு இனிப்புப் பானமே திருப்பித் தந்துவிடும். ஒரு மணிநேரத்திற்குக் குறைவான பயிற்சிக்குத் தண்ணீரே போதும். கோப்பிக்கடையில் அமர்ந்தால் தே ஓ கோசோங் கேளுங்கள்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வேறொன்றையும் கவனிக்கவேண்டும். உடற்பயிற்சியின்போது சர்க்கரை அளவு மிகவும் குறைந்துவிடலாம். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, திடீர்ப் பசி, கண்மங்கல் ஆகியவை அறிகுறிகள். இரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் அது குறைசர்க்கரை. உடனே நிறுத்தி, 15 கிராம் சர்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அரைக் கோப்பைப் பழச்சாறு அதற்குப் போதும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்துப் பாருங்கள். சரியாகும்வரை வண்டியில் ஏறாதீர்கள். சட்டைப்பையில் எப்போதும் சில மிட்டாய்கள் இருக்கட்டும். வெறும் வயிற்றில் ஓட்டாதீர்கள்.

சனிக்கிழமை: சந்தைக்கு 20 நிமிடம்

உடற்பயிற்சிக்கென்று தனி நேரம் கிடைக்காதவர்களுக்கு இது நல்ல வழி. சந்தைக்குப் போக 10 நிமிடம், வர 10 நிமிடம். வேலையும் முடிந்தது, பயிற்சியும் முடிந்தது.

இன்றைய ஆபத்து: கைப்பிடியில் தொங்கும் பை

காய்கறிப் பையைக் கைப்பிடியில் தொங்கவிட்டால் வண்டி ஒரு பக்கம் சாயும். பை ஆடும்போது சக்கரக் கம்பிக்குள் சிக்கினால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும், நீங்கள் நிற்கமாட்டீர்கள். முன்கூடையோ பின்தாங்கியோ பொருத்துங்கள், அல்லது முதுகுப்பை எடுத்துச் செல்லுங்கள். புடவை, தாவணி, வேட்டி, தளர்ந்த காற்சட்டை ஆகியவற்றின் ஓரமும் சங்கிலியில் சிக்கும். மடித்துக் கட்டுங்கள்.

சனிக்கிழமைக் காலையில் சந்தையைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். கடைசி 50 மீட்டரைத் தள்ளிக்கொண்டே கடந்துவிடுங்கள். பாதையில் மின்மிதிவண்டிகள் ஓசையில்லாமல் பின்னால் வரும். இடப்பக்கமே செல்லுங்கள். வலப்பக்கம் விலகும் முன் திரும்பிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை: பூங்காவில் 35 நிமிடம்

வாரத்தின் நீண்ட பயணம் இது. பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பாதை ஏறக்குறைய 4.3 கிலோமீட்டர், மெதுவாக ஒரு சுற்று, ஓய்வெடுத்து இன்னொரு சுற்று என்று ஓட்டலாம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா 15 கிலோமீட்டர் நீளமுடையது. அதில் ஒரு சிறு பகுதியே போதும். தீவெங்கும் பூங்கா இணைப்புப் பாதைகள் 300 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளன. உங்கள் வீட்டுக்கு அருகிலும் ஒன்று இருக்கும்.

விடியலுக்கு முன் புறப்பட்டால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரியவேண்டும். இருட்டில் விளக்கில்லாமல் ஓட்டுவது சட்டப்படி தவறு. கறுப்புச் சட்டையைத் தவிர்த்து வெளிர்நிற ஆடை அணியுங்கள்.

இன்றைய ஆபத்து: நம்முடன் வாழும் விலங்குகள்

பசுமையான ஊரில் வாழ்கிறோம். அதனால் காட்டுப்பன்றி, நீர்நாய், குரங்கு, பாம்பு ஆகியவற்றை நாம் பாதையிலேயே சந்திக்கலாம். பாசிர் ரிஸ் போன்ற வட்டாரங்களில் காட்டுப்பன்றிகள் காணப்பட்டுள்ளன. விலங்குகள் பெரும்பாலும் நம்மைத் தேடி வருவதில்லை. பயந்தாலோ, குட்டிகளுடன் இருந்தாலோ, உணவை எதிர்பார்த்தாலோதான் நெருங்குகின்றன.

காட்டுப்பன்றி: நின்று, இறங்கி, வண்டியை உங்களுக்கும் அதற்கும் இடையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். அது ஓடுவதற்கு வழிவிடுங்கள். ஒளிபாய்ச்சிப் படம் எடுக்காதீர்கள். குட்டிகள் இருந்தால் தாய் அருகில்தான் இருக்கும்.
நீர்நாய்: கூட்டமாகப் பாதையைக் கடக்கும். எல்லாம் கடக்கும்வரை தொலைவில் நில்லுங்கள். நடுவில் புகுந்து செல்லாதீர்கள்.
தெருநாய் துரத்தினால்: வேகமாக மிதித்துத் தப்ப முயல்வது துரத்தலைத் தூண்டும். நின்று, இறங்கி, அமைதியாக நடந்து விலகுங்கள். கண்ணுக்குக் கண் முறைக்காதீர்கள்.
குரங்கு: பிளாஸ்டிக் பை தெரிந்தால் அதில் உணவு இருப்பதாக நினைக்கும். பையை முதுகுப்பைக்குள் வையுங்கள்.
பாம்பு: தள்ளி நின்று வழிவிடுங்கள். அடிக்கவோ விரட்டவோ வேண்டாம்.
தேனீ, குளவி: கையால் விரட்டாதீர்கள். தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு விரைவாக விலகிக் கட்டடத்திற்குள் செல்லுங்கள். கொட்டியபின் முகம் வீங்கினாலோ மூச்சுத்திணறினாலோ 995ஐ அழையுங்கள்.

காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம். இன்று ஒருவர் போடும் ரொட்டித்துண்டு, நாளை வேறொருவரை நோக்கி அந்த விலங்கை வரவைக்கும். ஆபத்தான நிலையில் விலங்கைக் கண்டால் தேசிய பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி நிலையத்தை 1800-476-1600 என்ற எண்ணில் அழைக்கலாம்.

விழுந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் விழ நேரலாம். முதலில் பாதையின் நடுவிலிருந்து விலகுங்கள். காயத்தைக் குழாய்நீரில் நன்றாகக் கழுவுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் காலில் ஏற்படும் சிறு சிராய்ப்பையும் நாள்தோறும் பாருங்கள். சிவந்தாலோ வீங்கினாலோ சீழ் கட்டினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

தலையில் அடிபட்டால் "ஒன்றுமில்லை" என்று எழுந்து ஓட்டிச் செல்லாதீர்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். இரத்தத்தை நீர்க்கச்செய்யும் மருந்து எடுப்பவர்கள் அறிகுறி இல்லாவிட்டாலும் செல்லவேண்டும். வீட்டில் திட்டுவார்கள் என்று விழுந்ததை மறைக்காதீர்கள். இரவில் உங்கள் நிலை மாறினால் அதைக் கவனிக்கப்போவது வீட்டில் உள்ளவர்கள்தான்.

மிதிக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் உடனே நிறுத்தி 995ஐ அழையுங்கள். உங்கள் வட்டாரத்தில் இதய மின்னதிர்வுக் கருவியான ஏஇடி எந்தப் புளோக்கின் மின்தூக்கி அருகே இருக்கிறது என்று இன்றே பார்த்து வையுங்கள். ஒருநாள் அது உங்களுக்கோ உங்கள் அண்டைவீட்டாருக்கோ தேவைப்படலாம்.

வார இறுதியில் உங்களையே கேளுங்கள்

1. இந்த வாரம் மொத்தம் எத்தனை நிமிடம் மிதித்தேன்? (செவ்வாய் 20, வியாழன் 25, சனி 20, ஞாயிறு 35: மொத்தம் 100.)
2. வலிமைப் பயிற்சியை இரண்டு நாள் செய்தேனா?
3. நான் ஓட்டும் வழியில் மிகவும் மறைவான மூலை எது?
4. இடி கேட்டால் ஒதுங்க, என் வழியில் எந்தக் கட்டடம் இருக்கிறது?
5. நான் எங்கே செல்கிறேன், எப்போது திரும்புவேன் என்று வீட்டில் சொன்னேனா?

முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை குறைவாக இருந்தால் வருந்தவேண்டாம். அதே அளவை அடுத்த வாரமும் செய்யுங்கள். கடைசி மூன்றுக்கு விடை தெரியாவிட்டால், நிமிடங்களைக் கூட்டும் முன் அவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். வழியை அறிந்தவரால்தான் பழக்கத்தைத் தொடரமுடியும்.

அடுத்த திங்கட்கிழமை மீண்டும் டயரை அழுத்திப் பாருங்கள், பிரேக்கைச் சோதியுங்கள், சங்கிலியைத் துடையுங்கள். இந்த முறை மனைவியையோ கணவரையோ, அடுத்த புளோக்கு நண்பரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அடுத்த இரத்தப் பரிசோதனைக்குச் செல்லும்போது, மருத்துவரிடம் சொல்ல உங்களிடம் ஒரு நல்ல செய்தி இருக்கட்டும்.

அவசர மருத்துவ உதவி: 995
அவசரமில்லாத மருத்துவ வாகனம்: 1777
காவல்துறை: 999